கன்றும் கடிவாளமும்: இளங்குதிரை பழக்கும் தொழிலும் பாண்டிய நாட்டின் மீதான ஒரு பழைய குற்றச்சாட்டும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய அயல்நாட்டார் இருவர், முத்துக்கு அடுத்தபடியாக விரித்துப் பேசியது குதிரையைப் பற்றியே ஆகும். ஒருவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப். மாபார் என்று அவர்கள் குறிப்பிட்ட இந்நாட்டு மன்னர்கள் பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கினர் என்பதில் இருவரும் ஒத்துப்போகின்றனர். வாங்கிய குதிரையை வளர்க்கவும் பழக்கவும் இந்நாட்டார் அறியார், ஆதலால் அவை விரைவில் மாண்டன என்பதிலும் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் 1939இல் வெளியிட்ட அயல்நாட்டார் குறிப்புத் தொகுப்பின் வழியே இக்கூற்று நம் வரலாற்று நூல்களில் நிலைபெற்றது. குதிரை தமிழர்க்கு அயல் விலங்கு, அதை ஆளும் கலையும் அயற்கலை என்ற முடிபு இன்று ஏறத்தாழ வினாவுக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது.

இக்கட்டுரை அம்முடிபை மீள நோக்குகிறது. இதற்கான தூண்டுதல் நூலகத்தில் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். டெக்சாசு மாநிலத்தில் முப்பது ஆண்டுகளாக ஆசிரியப் பணி புரிந்து வருகிறேன். நான் குடியிருக்கும் புறநகரிலிருந்து அரைமணிப் பயணத்தில் பந்தயக் குதிரைகளை வளர்க்கும் பண்ணைகள் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்றில், ஓர் இலையுதிர் காலம் முழுவதும், வாரம் ஒருமுறை சென்று இளங்குதிரைகள் முதன்முதலாகச் சேணத்துக்குப் பழகுவதை வேலியோரம் நின்று பார்த்தேன். வசாஃபின் பத்தியைப் பலமுறை மாணவர்க்குப் பாடம் சொன்ன எனக்கு, ‘பழக்குதல்’ என்ற சொல்லுக்கு உள்ளே என்னென்ன செயல்கள் அடங்கியுள்ளன என்பது அதுவரை தெரியாது. தெரியாமலேயே அவருடைய தீர்ப்பை வழிமொழிந்து வந்திருக்கிறேன்.

முதலில் ஆவணங்களின் எண்களைக் காண்போம். மன்னன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்புகிறான், அவனுடைய நான்கு உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது போலோவின் கணக்கு. கீசுத் தீவின் அதிபரான மாலிக்குல் இசுலாம் சமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்தது என்றும், தலைக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும் வசாஃப் கூறுகிறார். அத்தாபெக் அபூபக்கர் காலத்தில் மாபார், கம்பாத்து முதலிய துறைகளுக்குச் சென்றவை ஆண்டுக்கு 10,000 என்பதும் அவர் தரும் எண்ணே. போலோவின் ஐந்து அரசர்களையும் ஈராயிரத்தால் பெருக்கினாலும் பதினாயிரம் வருவதால் இரண்டும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதாகக் கருதத் தோன்றும். ஆனால் வசாஃபின் எண்ணில் குசராத்துத் துறைகளும் அடங்கியுள்ளன. காலமும் ஒரு தலைமுறை முந்தியது. எனவே இந்தப் பொருத்தத்தை நான் சான்றாகக் கொள்ளவில்லை.

எண்களை விட ஒப்பந்தத்தின் வாசகமே கருதத்தக்கது. வழியில் குதிரைக்கு ஊறு நேர்ந்தாலும், அது இறந்தே போனாலும், விலை பாண்டியனின் கருவூலத்திலிருந்து தரப்பட வேண்டும். அதே காலத்தில் பாண்டியனிடம் அமைச்சராக இருந்து துறைமுகங்களைக் கவனித்தவர் தக்கியுத்தீன் அப்துர் ரகுமான். குதிரை விற்ற சமாலுத்தீனின் உடன்பிறந்தவர். அதாவது விற்பவரும், வாங்குபவன் சார்பில் நின்றவரும் ஒரே குடும்பத்தார். போலோ இன்னும் ஒரு படி மேலே சென்று, குதிரைக்கு இலாடம் அடித்து மருத்துவம் பார்ப்போர் இந்நாட்டுக்குச் சென்றுவிடாதபடி வணிகர்களே தடுத்து வந்தனர் என்கிறார். குதிரைகள் இறப்பது அவர்களுக்கு ஆதாயம். தம் குற்றச்சாட்டின் அடித்தளத்தைத் தாமே அசைத்துவிடும் இவ்வரியைப் பின்னாளில் எடுத்தாண்டவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டு, அறியாமை என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டனர்.

இனி வசாஃப் என்ன கூறுகிறார் என்பதை அணுகிப் பார்க்கலாம். அவர் தம் கண்ணால் கண்டதாக எழுதவில்லை. பிறர் சொல்லியதாகவே எழுதுகிறார். குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த தானியத்தை நெய் கலந்து கொடுப்பர். காய்ச்சிய பாலைப் புகட்டுவர். கொழுப்பதற்காக நாற்பது நாள் கயிறும் முளையும் கொண்டு கொட்டிலில் கட்டிவைப்பர். பின்னர்ப் பயிற்சியின்றி, அங்கவடி முதலிய கருவிகளுமின்றி, வீரர்கள் கண்மண் தெரியாமல் ஏறி ஓட்டுவர். இதுவே குற்றச்சாட்டின் சாரம்.

நான் பார்த்த பண்ணையில் நடந்ததை இதற்கு அருகில் வைத்துச் சொல்கிறேன். வட அமெரிக்காவில் பந்தயக் குதிரை எந்த மாதத்தில் பிறந்தாலும் சனவரி 1ஆம் நாளே அதற்கு அகவை கூடும். பெரும்பாலான கன்றுகள் ஒன்றரை அகவை அளவில், இலையுதிர் காலத்தில், பழக்கத்துக்கு வருகின்றன. (கன்று என்று நான் எழுதுவதை யாரும் திருத்த வேண்டியதில்லை; குதிரையின் இளமைப் பெயராக அச்சொல்லைத் தொல்காப்பிய மரபியல் யானை, கழுதை ஆகியவற்றோடு சேர்த்தே தருகிறது.) முதல் சில நாள்கள் யாரும் ஏறுவதில்லை. கொட்டிலில் தலைக்கயிற்றோடு நிற்கப் பழக்குகிறார்கள். உடல் முழுதும் கையால் தடவி, கால்களைத் தூக்கி இறக்கி, சாக்குத் துணியால் முதுகைத் தட்டிக் கொடுக்கிறார்கள். பிறகு வாயில் இரும்பு. கன்று அதை நாவால் உருட்டிச் சுவைத்து வெறுத்துப் பின்னர் மறந்துவிடும் வரை காத்திருக்கிறார்கள். அடுத்து வயிற்றைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை. இதை இறுக்கும் வேளைதான் ஆபத்தானது. முதன்முறை இறுக்கப்படும் கன்று முதுகை வில்லாக வளைத்துத் துள்ளும்; அந்த ஒருகணத்தில் கைதேர்ந்தவர் செய்வதெல்லாம், இறுக்குவதை நிறுத்தாமலும் விரைவுபடுத்தாமலும் இருப்பதுதான்.

பட்டை பழகிய பின் நீண்ட இரு கயிறுகளைக் கடிவாளத்தில் பூட்டி, பின்னால் நடந்தபடியே வலமும் இடமும் திரும்பக் கற்பிக்கிறார்கள். அதன் பின்னர், கொட்டிலுக்கு உள்ளேயே, எடை குறைந்த ஒருவர் கன்றின் முதுகில் குறுக்காக வயிறு படியும்படி கிடக்கிறார், நெல் மூட்டையைப் போல. மற்றவர் கன்றைச் சிறு வட்டமாக நடத்துகிறார். சில நாள் இப்படிக் கிடந்த பிறகே ஒரு கால் மறுபுறம் போகிறது. ஏறியவர் நிமிர்ந்து உட்காருவதும் உடனே அன்று. கன்றின் கடைக்கண்ணுக்குத் தலைக்குமேல் திடீரென ஓர் உருவம் எழுவது போலத் தோன்றுமாம். கொட்டிலிலிருந்து வேலியிட்ட வளையம், வளையத்திலிருந்து வயல், வயலிலிருந்து ஓடுபாதை. எட்டு என்ற எழுத்து வடிவில் மென்னடை. முதிர்ந்த, அமைதியான குதிரை ஒன்று எப்போதும் முன்னே செல்லும். அடுத்த இளவேனிலில்தான் குறுந்தொலைவு விரைவோட்டம்.

இவ்வளவுக்கும் ஆன காலம் என்ன? சேணம் ஏற்றி அமைதியாக நடத்தும் நிலை வரை, ஆறு வாரம். டெக்சாசில் குதிரை பழக்குவோர் முப்பது நாள், அறுபது நாள் என்றே கூலி பேசுகிறார்கள். வசாஃபின் நாற்பது நாள் எனக்கு உறுத்தத் தொடங்கியது இங்கேதான். கடலில் பல வாரம் அசையாமல் நின்று வந்த குதிரையை இறங்கிய மறுநாளே ஓட்டினால்தான் அது அறியாமை. அதை நாற்பது நாள் கொட்டிலில் நிறுத்தி, புதிய நீருக்கும் தீனிக்கும் மனிதருக்கும் பழக்குவது, தொலைவிலிருந்து கேட்போர்க்குக் ‘கட்டிவைத்தல்’ ஆகத் தோன்றலாம். அந்த நாற்பது நாளில் கொட்டிலுக்குள் என்ன நடந்தது என்பதை வணிகரும் சொல்லவில்லை, வசாஃபும் கேட்கவில்லை. கொட்டிலுக்குள் நடப்பது வெளியில் நிற்பவர்க்குத் தெரியாது. வேலியோரம் நின்ற எனக்கே, உள்ளே அழைக்கப்படும் வரை, கன்று வெறுமனே கட்டிக் கிடப்பதாகத்தான் பட்டது.

தீனி பற்றிய குறை இன்னும் எளிதில் கரையக்கூடியது. தென்னாட்டில் வாற்கோதுமை விளையாது, கொள்ளு விளையும். வேகவைத்த கொள்ளையே குதிரைக்கு இடும் வழக்கத்தைச் சென்னையில் குடியேறிய ஆங்கிலேயரும் மேற்கொண்டனர். அதற்கு அவர்கள் மொழியில் குதிரைத் தானியம் என்றே பெயர் நிலைத்தது. பாண்டியன் செய்தபோது பேதைமையாக எழுதப்பட்ட ஒன்று, ஐந்நூறு ஆண்டுக்குப் பின் படைத்துறை நடைமுறை ஆயிற்று.

அப்படியாயின் குதிரைகள் இறந்தது பொய்யா? பொய்யன்று என்றே கருதுகிறேன். எண் மிகைப்பட்டிருக்கலாம், சாவு மெய். ஆனால் சாவுக்குப் பயிற்சியின்மை ஒன்றே காரணமாக வேண்டியதில்லை. ஈக்களால் பரவும் சர்ரா நோயின் நுண்ணுயிரை கிரிஃபித் எவன்சு பஞ்சாபில் கண்டறிந்தது 1880இல்தான். அதுவரை எந்த நாட்டு மருத்துவருக்கும் அதன் காரணம் புலப்படவில்லை. வெப்பமும் ஈரமும் கலந்த தட்பவெப்பத்தில் சில குதிரைகளுக்கு வியர்வை சுரப்பதே நின்றுபோகிறது. உலர்ந்த மேனியோடு மூச்சிரைத்து அவை நலிவதை, இந்தியா முதலிய வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட ஆங்கிலக் குதிரைகளிடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அதே நோய் இன்று இங்கே, மெக்சிகோ வளைகுடாக் கரையில், ஊசுடன் நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் மிகப் பழகிய தொல்லை. மின்விசிறியும் நீர்த்தெளிப்பும் வைத்து ஆண்டுதோறும் போராடுகிறார்கள். இவர்களை யாரும் குதிரை அறியாதவர் என்று எழுதுவதில்லை.

இந்நாட்டில் உயர்ந்த குதிரையும் பேடையும் சேர்ந்தாலும் கால் கோணிய, ஏறத் தகாத கன்றே பிறக்கும் என்பது போலோவின் மற்றொரு கூற்று. இதை மறுக்க நெடுந்தீவு ஒன்றே போதும். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள அப்பவளப்பாறைத் தீவில் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற குதிரைகளைக் கொண்டு ஒல்லாந்தர் பண்ணை நடத்தினர். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற படையலுவலர் அதை மேற்பார்த்தார். பவளக்கல் தூண்களாலான கொட்டிலின் சிதைவும், காட்டு விலங்காகிவிட்ட குதிரைக் கூட்டமும் இன்றும் அங்கே உள்ளன. தாமே ஈன்று தாமே மேய்ந்து, நன்னீர் அரிதான நிலத்தில் தலைமுறைகளாக நிற்கும் அக்கூட்டத்தைத் தட்பவெப்பக் கொள்கையினர் ஒருமுறை சென்று பார்க்கலாம். 1824இல் கும்பினியார் படைக்குதிரைக்கென ஓசூரில் பண்ணை தொடங்கியதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஓசூர் மேட்டுநிலம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சொற்சான்றுக்கு வருகிறேன். பழக்கும் தொழில் இல்லாத மொழியில் பழக்கும் சொற்கள் இரா. குதிரையையும் யானையையும் அணிசெய்து ஆயத்தப்படுத்துவதற்குப் பழந்தமிழில் ‘பண்ணுதல்’ என்று பெயர். சேணத்துக்குப் ‘பண்’ என்று பெயர். (இசைக்கும் அதே சொல் என்பதை ஒரு தற்செயலாகத் தள்ள எனக்கு மனமில்லை, ஆனால் அதை நிறுவவும் இங்கு முயலவில்லை.) வாதுவன், கலினம், பல்லணம், மத்திகை என்பன சங்க இலக்கியம் தொடங்கி நிகண்டுகள் வரை விரவிக் கிடப்பவை. கலித்தொகையின் மருதக்கலியில் தலைவி ஊடலில் தலைவனின் பரத்தையைக் குதிரையாகவும் அவனை அதன்மேல் ஏறியவனாகவும் வைத்துப் பேசும் பாட்டு ஒன்றுண்டு. அணிகலன் ஒவ்வொன்றும் குதிரைக் கருவி ஒன்றாகிறது. கேட்போர்க்குக் கருவிகளின் பெயரும் பயனும் தெரியாவிடில் அந்த எள்ளல் செல்லாது. நிகண்டுகள் குதிரையின் கதிகளை ஐந்தாக வகுத்து, மயூரகதி, வானரகதி, சரகதி என்றவாறு பெயரிடுகின்றன. நடையைப் பிரித்துப் பெயரிடுவது ஓட்டிப் பார்த்தவன் செய்யும் வேலை.

‘வையாளி’ என்ற சொல் இன்னும் நேரான சான்று. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் குதிரைகளைப் பயிற்றி விளையாடும் களத்தை வாகியாளி என்று குறித்து, அதற்கெனத் தனிப்பகுதி ஒதுக்குகிறது. தமிழில் அது வையாளியாகி, குதிரையைச் செலுத்திப் பயிற்றுதலையும் அதற்குரிய வெளியையும் குறித்தது. திருவரங்கத்தில் பெருமாள் குதிரை வாகனத்தில் முன்னும் பின்னும் விரைந்தோடிக் காட்டும் வையாளிச் சேவையை இன்றும் காணலாம். அரசன் தெருவில் மறைந்த ஒன்று இறைவன் தெருவில் தங்கியிருக்கிறது. கடன் சொல்தான், ஆனால் சொல்லைக் கடன் வாங்கியவன் செயலை விட்டுவிட்டு வாங்குவதில்லை.

மாணிக்கவாசகர் வரலாற்றைச் சமய நூலாக மட்டும் படிப்பவர்கள் அதிலுள்ள வணிக நடைமுறையைக் கவனிப்பதில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இறைவன் குதிரை வணிகனாக வந்து, குதிரைகளின் இலக்கணத்தையும் நடையையும் அரசன் முன் காட்டி, ‘கயிறு மாறி’ ஒப்படைக்கிறான். கயிறு கைமாறிய பின் குதிரைக்கு நேர்வது வாங்கியவன் பாடு. இரவில் பரி நரியாகும்போது பாண்டியனால் வணிகனைக் கேட்க முடியவில்லை. அமைச்சரைத்தான் ஒறுக்க முடிகிறது. இறக்குமதிக் குதிரையின் இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதைக் கீசுத் தீவின் ஒப்பந்தத்தைப் போலவே, அதைவிடக் கூர்மையாக, இக்கதை நினைவில் வைத்திருக்கிறது.

இளங்குதிரை பழக்குவது அறிவாக மதிக்கப்பட்டு நூலேறிய இடங்களும் உண்டு. சான்பிரான்சிசுகோ விரிகுடாவை அடுத்து லீலண்டு சுடான்ஃபோர்டு 1876இல் தொடங்கிய பாலோ ஆல்டோ பண்ணை அத்தகையது. 1878 சூனில் மைபிரிட்சு வரிசையாக நிறுத்திய ஒளிப்படக் கருவிகளின் முன்னே சாலி கார்டினர் என்ற பேடைக் குதிரை ஓடியது அங்கேதான். நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டெழும் கணத்தை மனிதக்கண் அப்போதுதான் நிறுத்திப் பார்த்தது. கன்றுகளுக்கெனச் சிறிய ஓடுபாதை ஒன்றும் அங்கு இருந்தது. மழலையர் பள்ளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரையே அதற்கும் இட்டிருந்தனர். நெடுந்தொலைவு மெல்ல ஓட்டாமல், குறுந்தொலைவில் விரைவாக ஓட்டி நிறுத்தும் முறை அது. பயிற்சியாளர் சார்லசு மார்வின் 1890இல் அதை நூலாக்கினார். அவர் பழக்கியவை பெரும்பாலும் வண்டி பூட்டி ஓடும் குதிரைகள் என்பது வேறுபாடு. கன்றை எப்போது தொடங்குவது என்ற வினா இரண்டுக்கும் பொது. அந்நிலத்தில் 1891இல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதை இன்றும் மாணவர்கள் பண்ணை என்றே அழைக்கிறார்கள்.

ஆயினும் மார்வினைப் போல நூல் எழுதியவர் மிகச் சிலரே. கன்றின் முதுகில் முதலில் கிடந்தவர்கள் எழுதியவர்கள் அல்லர். தென் டெக்சாசின் கிங் பண்ணையில் வளர்ந்த அசால்ட்டு என்ற குதிரை 1946இல் அமெரிக்காவின் மும்முடிப் பந்தயங்களை வென்றது. அப்பண்ணையின் குதிரைத் தொழிலைச் சுமந்தவர்கள், 1854இல் வறட்சியால் வாடிய மெக்சிகோவின் குரூயியாசு ஊரிலிருந்து பெயர்ந்து வந்த மக்களின் வழியினர். கென்டக்கி டெர்பி 1875இல் முதன்முறை நடந்தபோது ஏறிய 15 பேரில் 13 பேர் கறுப்பின மக்கள். அடிமை முறைக்காலக் கொட்டில்களில் பெற்ற தேர்ச்சி அது. ஒரு தலைமுறைக்குள் அவர்கள் அக்களத்திலிருந்து விலக்கப்பட்டனர்.

சென்னையில் நிலைமை இதற்கு இணை. 1830களிலிருந்து ஆசுதிரேலியக் குதிரைகள் சென்னைக் கரையில் இறக்கப்பட்டன. துறைமுகம் இல்லாத அக்காலத்தில் அவை அலையில் நீந்திக் கரையேற, மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும் மீனவர்கள் சூழ்ந்து நிற்கும் காட்சியை சே. பி. ஈசுட்டு 1834இல் வரைந்துள்ளார். அவற்றைப் பேணிய தமிழரைப் பற்றி 1886இல் வெளிவந்த ஆப்சன்-சாப்சன் அகராதி கூறுவது, வடக்கே சயீசு எனப்படுபவன் சென்னையிலும் இலங்கையிலும் குதிரைக்காரன் எனப்படுவான் என்பதே. ஒரு சொல்விளக்கம், அவ்வளவுதான்.

தமிழ்நாடு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்ய இயற்றிய சட்டத்தின் மீதான வழக்கு 1996இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பந்தயம் சூதன்று, திறன் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பு வந்தது. குதிரையின் விரைவும் உரமும் பயிற்சியால் பெறப்படுபவை, ஏறுவோனின் தேர்ச்சியும் அவ்வாறே என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. பழக்குதல் என்பது அறிவு என்று கிண்டியை முன்னிட்டு எழுதப்பட்ட அரிய அரசாவணம் அது. வரிவிதிப்புக்கும் சூதாட்டத்துக்கும் அத்தீர்ப்பைப் படிக்கும் நாம், குதிரைத் தொழிலின் வரலாற்றுக்கு அதைப் படிப்பதில்லை.

நான் சென்றுவந்த பண்ணையின் கன்றுகள் அடுத்த வசந்தத்தில் ஏலத்துக்குப் போயின. ஏலப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: தந்தை, தாய், தாயின் தாய், அவை வென்ற பந்தயங்கள், ஈன்ற பண்ணை, விற்பவர். கொட்டிலுக்குள் முதுகில் குறுக்காகக் கிடந்த இளைஞரின் பெயரை அதில் தேடினேன். அவர் அன்று ஏலக்கூடத்தின் பின்புறம், எண் ஒட்டிய ஒரு கன்றின் கயிற்றைப் பிடித்தபடி, கூவுபவரின் குரல் நிற்கும் வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை வேறொருவர் கையில் கொடுத்தார்.